வில் மாமி

அம்பர்நாத் கிழக்கில் சாயங்காலம் நாலரை மணிக்கு எந்தக் கட்டடத்திலாவது படியேறிப் பாருங்கள். எந்த வாசலில் ஒரு டஜன் குட்டிச் செருப்புகள் ஜோடி பிரிந்து கிடக்கின்றனவோ, அதுதான் டியூஷன் மாமி வீடு. கல்யாண் தாண்டிய பிறகு மும்பைத் தமிழர் வாழும் இடமெல்லாம் இப்படி ஒரு மாமி இருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. செருப்பே பலகை.

நம் மாமி படித்தது மாட்டுங்காவில், 1932-ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளிக்கூடத்தில். வாக்கப்பட்டது அம்பர்நாத் ஆர்டனன்ஸ் ஃபேக்டரி மாப்பிள்ளைக்கு. கையில் ரென் அண்ட் மார்ட்டின் இங்கிலீஷ் இலக்கணம். அட்டை போய், பைண்டிங் போய், இப்போது ரப்பர் பேண்டில் உயிர் வாழ்கிறது.

மூணாங்கிளாஸ், நாலாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு மாமி எதை விட்டாலும் சிம்பிள் ஃப்யூச்சரை விடமாட்டார். ராமனுக்கு அப்புறம் வில்லை இவ்வளவு கெட்டியாகப் பிடித்தவர் அவர்தான். அதனால் 'வில் மாமி' என்றே பெயர்.

"வில்லுக்குப் பக்கத்துல எஸ் வரப்படாது, ஈடி வரப்படாது. ஹி வில் கோஸ்னு எழுதினயோ, வில் முறிஞ்சுது!"

பிள்ளைகள் தினமும் முறித்தார்கள். சீதைதான் கிடைக்கவில்லை.

கஷ்டம் பிள்ளைகளிடம் இல்லை. அவர்கள் தலைக்குள் ஓடும் நாலு பாஷைகளில் இருக்கிறது. ஹிந்தியில் 'கல்' என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். மராத்தியில் 'கால்' என்றால் நேற்று மட்டும். 'நாளைக்கு' என்று மாமி தமிழில் சொல்ல, பையன் அதை 'கல்' என்று ஹிந்தியாக்கி, 'கால்' என்று மராத்தியில் கேட்டு, 'யெஸ்டர்டே ஐ வில் கோ' என்று இங்கிலீஷில் இறக்கிவிடுவான். கல்யாண் ஜங்ஷனில் வண்டி மாறி ஏறிய கதை.

தமிழ் மட்டும் யோக்கியமா? ஒருநாள் ஒரு பெண் எழுதினாள்: 'மை ஃபாதர் வில் கோ டு ஆபீஸ் டெய்லி.'

"தினமும் போனா ஃப்யூச்சர் இல்லடி. சிம்பிள் ப்ரெஸன்ட். கோஸ்!"

"அம்மா 'அப்பா தினமும் எட்டு மணி லோக்கல்ல போவார்'னுதானே சொல்றா? போவார்னா வில் கோதானே, மாமி?"

மாமி வாயைத் திறந்தார், மூடினார். சூரியன் கிழக்கே உதிக்கும், மாடு புல் தின்னும் என்று வழக்கத்தைக்கூட எதிர்காலத்தில் சொல்லுகிற பாஷை நம்முடையது. ரென்னும் மார்ட்டினும் இதற்கு ஒரு வழியும் சொல்லிவைக்கவில்லை.

"தமிழ் அப்படித்தான். இங்கிலீஷ்ல தினமும் நடந்தா அது ப்ரெஸன்ட். மனசுல வெச்சுக்கோ" என்று முடித்தார். அவளும் மனசில் வைத்துக்கொண்டாள். அது பிற்பாடு வருகிறது.

அதே நேரம் உள்ளேயிருந்து குரல்: "இதோ வந்துட்டேன்!" கேஸ் சிலிண்டரை மாற்றச் சொல்லி அழைத்ததற்கு ரிட்டயரான மாமாவின் பதில். கால் மணி கழித்தும் ஆளைக் காணோம்.

"மாமி, மாமா சொன்னது பாஸ்ட் டென்ஸ்."

"அவர் எல்லாத்தையும் அப்படித்தான் சொல்லுவார். எழுதுடா நீ."

புத்தகத்தில் உள்ள உதாரணம் மாமிக்குப் பிடிக்காது. "அம்பர்நாத் சிவன் கோயிலைக் கட்டினா. 1060-லேயே முடிஞ்சாச்சு. அது பாஸ்ட். சிவராத்திரிக்கு நாம கோயிலுக்குப் போவோம். அது ஃப்யூச்சர்." பாண்டவர்கள் அந்தக் கோயிலை ஒரே ராத்திரியில் கட்டினார்கள் என்பது ஊர்ப்பேச்சு. எதிர்க் கட்டடம் எட்டு வருஷமாக எழும்புகிறது. 'பில்டர் வில் கிவ் பொசெஷன் இன் டிசம்பர்' என்று ஒரு பையன் எழுதினான். எந்த டிசம்பர் என்று மாமி கேட்கவில்லை. இலக்கணம் சரி.

தாராவியிலிருந்து குடிவந்த பையன் எழுதியது: 'மை பாட்டி வில் கெட் எ ஃப்ளாட்.' தாராவி மறுசீரமைப்புக்கு அரசு ஒப்புதல் தந்தது 2004-ல். பையனைவிட அந்த வாக்கியத்துக்கு வயசு அதிகம். மாமி முழு மார்க் போட்டார்.

'ஷல்' விஷயத்தில் மாமி பழைய பள்ளி. ஐ-க்கும் வி-க்கும்தான் ஷல். மற்றவர்களுக்கு ஷல் போட்டால் கட்டளை. ஸ்கூல் புத்தகங்கள் எல்லோருக்கும் வில் கொடுத்துச் சமத்துவம் பண்ணிவிட்டன. மாமி வீட்டில் கட்டளைக்கு இன்னும் ஓர் இடம் உண்டு. மாசம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் பிள்ளைகளின் டைரியில் எழுதுவார்: 'யுவர் மதர் ஷல் பே.' எந்த அம்மாவும் இலக்கணம் கேட்டதில்லை; பணம் வந்துவிடும்.

கல்யாணமாகி வந்த புதுசில் மாமா சொன்னாராம்: "அம்பர்நாத் ரெண்டே வருஷம். அப்புறம் செம்பூர்ல ஃப்ளாட். வாங்கியாச்சுன்னே வெச்சுக்கோ." மாமி வைத்துக்கொண்டார். மகன் பிறந்தான், படித்தான், புனேக்குப் போனான். ஃபேக்டரியில் மாமாவுக்கு வழியனுப்புச் சால்வை போட்டார்கள். அம்பர்நாத்துக்கும் பத்லாபூருக்கும் நடுவே சிக்லோலி ஸ்டேஷன் வரும் வரும் என்றார்கள். ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் மாமா: "செம்பூர் போயிடுவோம்."

போன வெள்ளிக்கிழமை டெஸ்ட். சிம்பிள் ஃப்யூச்சரில் ஐந்து வாக்கியம். மாமாவின் செம்பூரும் மாமியின் உதாரணங்களில் ஒன்று; பிள்ளைகளுக்கு மனப்பாடமாகவே தெரியும். பத்துப் பேர் 'மாமி வில் கோ டு செம்பூர்' என்று எழுதி டிக் வாங்கிக்கொண்டார்கள். அன்று 'போவார்' கேட்ட பெண் மட்டும் அதை எழுதி, அடித்து, கீழே வேறு எழுதியிருந்தாள்:

'மாமா சேஸ், வி ஷல் கோ டு செம்பூர். ஹி சேஸ் இட் டெய்லி.'

"ஃப்யூச்சர்தானேடி கேட்டேன்?"

"தினமும் நடந்தா ப்ரெஸன்ட்னு நீங்கதானே சொன்னேள், மாமி?"

மாமி சிவப்புப் பேனாவை மூடினார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏன்னா, சிலிண்டர்!"

"இதோ வந்துட்டேன்!"