கரையோரக் களவியல்

கேளிக்கைப் பூங்கா நடத்துவோருக்கு இரண்டு கவலைகள் உண்டு. ஒருவர் வாங்கிய சீட்டில் இன்னொருவர் நுழைந்துவிடக் கூடாது. நுழைந்தவர் கடைப் பொருளைப் பைக்குள் போட்டுக்கொண்டு நழுவிவிடக் கூடாது. முதல் கவலைக்காக ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் சீட்டோடு விரலையும் கருவியில் வைக்கச் சொல்கிறார்கள். இரண்டாவதற்குக் கேமராவும் காவலரும். அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு முதலாளி என்று எவரும் இல்லை. ஆனால் இந்த இரு கவலைகளும் அங்கே உண்டு, சட்டப் பிரிவு எண்களோடு.

சீட்டை முதலில் முடித்துவிடலாம். பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, அவர்களுக்கென ஒதுக்கிய பகுதிக்குள் வெளியார் போக அனுமதிச்சீட்டு வேண்டும். நிக்கோபாரின் கச்சால் தீவில், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து ரப்பர் தோட்ட வேலையில் குடியேறிய தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து போகும் சித்தப்பாவுக்கும் இந்தச் சீட்டு இல்லாமல் ஆகாது. பெரியப்பா பெயரில் வாங்கியதைக் காட்டவும் முடியாது. அதே போல, தீவுகளுக்கிடையே ஓடும் அரசுக் கப்பலில் தீவுவாசி அட்டை உள்ளவருக்குக் கட்டணம் குறைவு. அந்த அட்டையை விருந்தாளிக்கு இரவல் கொடுத்தால் அது உபசாரம் ஆகாது. ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) இருக்கும் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக வேண்டியவரின் இடத்தை ஊர் சுற்ற வந்தவருக்குத் தூக்கிக் கொடுப்பதாகும் அது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

களவுதான் பெரிய அத்தியாயம். இங்கே திருடு போவது கரையில் கிடக்கும் சங்கும் சிப்பியும் பவளத் துண்டும். பாறை கட்டும் பவள இனங்கள் அத்தனையையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. சில சங்கு, சிப்பி வகைகளுக்கும் அட்டவணையில் இடம் உண்டு. முதல் அட்டவணை உயிர் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

இதை எதிர்த்து வழக்கமாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. “செத்துக் கிடந்ததைத்தானே எடுத்தேன், உயிரோடு பிடுங்கினேனா?” என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சட்டம் 39ஆம் பிரிவிலேயே இதற்கு விடை வைத்திருக்கிறது: வேட்டையாடப்பட்ட வனவிலங்கு மட்டுமல்ல, செத்துக் கிடக்கக் கண்டதும் அரசின் சொத்து. முதுகெலும்பில்லாத பிராணிகளும் விலங்கு என்ற வரையறைக்குள் அடக்கம். ஆகவே அலை ஒதுக்கிய பவளக் கிளையும் ஆளில்லாப் பொருள் அல்ல.

சட்டத்தை விடுங்கள்; துறவி நண்டிடம் கேட்டால் இன்னும் தெளிவான விடை கிடைக்கும். அதற்கு வயிற்றுப்புறம் மென்மையானது, ஓடு கிடையாது. செத்த நத்தையின் கூட்டைத் தேடி அதற்குள் உடம்பைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் அது நடமாடும். வளர வளரக் கூடு போதாது. பெரிய காலிக் கூடு ஒன்று ஒதுங்கினால், சுற்றுவட்டார நண்டுகள் வந்து உருவ வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மிகப் பெரியது புதுக் கூட்டுக்கு மாறும். அது விட்ட கூட்டுக்கு அடுத்தது, அது விட்டதற்கு அதற்கடுத்தது. சில நொடிகளில் முழு வரிசையும் வீடு மாறிவிடும். மரத்தில் ஏறித் தேங்காய் தின்னும் பெரிய தேங்காய் நண்டும் குஞ்சுப் பருவத்தில் இப்படி இரவல் கூட்டில்தான் வளர்கிறது. அதுவும் முதல் அட்டவணை உயிர். நாம் அலமாரிக்காக எடுத்த ஒரு சங்கு அந்த முழு வரிசையையும் பழைய இறுக்கமான கூட்டிலேயே நிறுத்திவிடுகிறது. பவளத் துண்டும் அப்படித்தான். அது நொறுங்கித்தான் இந்தத் தீவுகளின் வெள்ளை மணல் பெருமளவு உண்டாகிறது. 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருவாரியாக வெளுத்துப்போன பிறகு, மிச்சம் இருப்பதை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

“ஒன்றே ஒன்றுதானே” என்பாரும் உண்டு. 57ஆம் பிரிவின்படி, பொருள் கையில் இருந்தால் முறைகேடாக வைத்திருப்பதாகவே கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது வைத்திருப்பவர் பொறுப்பு. கடையில் சிப்பிப் பொருள் வாங்குபவர்கள் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்வது இதனால்தான்.

இத்தனை சட்டமும் நடைமுறையில் வந்து சேரும் இடம் வீர சாவர்க்கர் விமான நிலையம். 2023 ஜூலையில் திறந்த அதன் புதிய முனையத்தைச் சிப்பி வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். அங்கே பெட்டி ஊடுகதிர்க் கருவிக்குள் போகும்போது, துண்டுக்கும் சுடிதாருக்கும் நடுவே சுருட்டி வைத்த பவளக் கிளை திரையில் தெரிந்துவிடும். பறிமுதல் செய்கிறார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. அந்தக் கிளை சுவராஜ் தீவின் ராதாநகர் கடற்கரையில் எடுத்ததா, சகீது தீவின் பரத்பூரிலா என்று வரிசையில் நிற்கும் காவலருக்கு எப்படித் தெரியும்? எடுத்த கரைக்கே திரும்பப் போய்ச் சேர அதற்கு வழியில்லை.

சரியான முறை அதே தீவுக்கூட்டத்தில் வேறொரு பொருளுக்குக் கைவசம் இருக்கிறது. 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் 15 தீவுகள். பயணிகளுக்கு ஜாலி பாய், ரெட் ஸ்கின் இரண்டையும் பருவம் பார்த்து மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். ஒன்று மூடிக் கிடக்கும் மாதங்களில் அதன் பவளம் இளைப்பாறுகிறது. வண்டூர் படகுத்துறையில் வனத்துறையின் அனுமதிச்சீட்டைக் காட்ட வேண்டும். பிளாஸ்டிக் தீவுக்குள் போகக் கூடாது என்பதால் பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வந்து பாட்டிலைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். எவருக்கும் அவமானம் இல்லை, வழக்கும் இல்லை.

உள்ளே போகும் பாட்டிலுக்கு இருக்கும் இந்தக் கவனம் வெளியே வரும் சங்குக்கும் வேண்டும் என்பதே என் கட்சி. சுவராஜ் தீவிலும் சகீது தீவிலும் கப்பல் ஏறும் முன்பே, படகுத்துறையிலேயே பையைப் பார்க்கட்டும். பக்கத்தில் ஒரு கூடை இருக்கட்டும். தானாக முன்வந்து போடுபவரிடம் ஒரு கேள்வியும் வேண்டாம். சாயங்காலம் கடைசிப் படகு போனதும் வனக்காவலர் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அதே தீவின் கரையில் கொட்டிவிட்டு வரலாம்.