ஏர் புடிச்சிருக்கு சார்!

மோட்டார் பக்கம் யாராவது எட்டிப் பார்த்தால் போதும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் மாமா வந்துவிடுவார். மாங்காட்டில் தனி வீடுகள் உள்ள இடமென்றால் தெருவுக்கு ஒருவர், ஃபிளாட் என்றால் பிளாக்குக்கு ஒருவர். ஸ்விட்சைப் போடச் சொல்வார், குனிந்து பைப்பில் காதை வைப்பார், ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டுவார், பிறகு தீர்ப்பு: "ஏர் புடிச்சிருக்கு சார்." தண்ணீர் வரவே இல்லையா? ஏர். விட்டு விட்டு வருகிறதா? ஏர். நூல் மாதிரி ஒழுகுகிறதா? அதுவும் ஏர்தான், "உள்ள எங்கயோ கொஞ்சம் நிக்குது". மோட்டார் சுற்றாமல் வெறுமனே முனகினால், கெப்பாசிட்டர் போயிருக்கும் என்று எலக்ட்ரீஷியன் பையன் வாயெடுப்பதற்குள், "மொதல்ல ஏரை எடுப்பா" என்று அதட்டல். போர்வெல்லுக்குள் தண்ணீரிலேயே மூழ்கிக் கிடக்கும் சப்மெர்சிபிளுக்கும் அவரிடம் இதே தீர்ப்புதான். மேலே நின்று மக்கில் தண்ணீர் ஊற்ற அதில் வழியில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இவர் இத்தனை காலம் செல்வாக்கோடு இருப்பதற்குக் காரணம், அவர் சொல்வது தவறு என்பதல்ல, பாதி சரி என்பதுதான். சம்ப்புக்கு மேலே தரையில் உட்கார்ந்திருக்கும் மோனோபிளாக் மோட்டாருக்குள் காற்று இருந்தால் தண்ணீர் ஏறாது. இம்பெல்லர் தண்ணீரைத்தான் வீசித் தள்ளும், காற்றை வைத்துக்கொண்டு சும்மா சுற்றும். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்பினால் மோட்டார் இழுக்கும், மொட்டைமாடித் தொட்டியில் சளசளவென்று சத்தம் கேட்கும், மாமா கையைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்ப்பார். கேள்வி என்னவென்றால், நேற்று ராத்திரி நன்றாக ஓடி நின்ற மோட்டாருக்குள் காலையில் காற்று எப்படி வந்தது? சக்‌ஷன் பைப்பின் அடியில் ஃபுட் வால்வு என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் நின்ற பிறகு பைப்பிலுள்ள தண்ணீரைக் கீழே இறங்க விடாமல் பிடித்து வைப்பதுதான் அதற்கு வேலை. அதன் வாஷர் தேய்ந்தாலோ, ஒரு மண் துகள் இடுக்கில் மாட்டினாலோ, ராத்திரியெல்லாம் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, விட்ட இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். எல்லாக் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் கொடுப்பவரைப் போல மாமா காய்ச்சலை இறக்கிவிட்டு, நோயாளியை மறுநாள் காலைக்கும் வரச் சொல்கிறார். தினமும் ஏர் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதே ஏர் நோயல்ல என்பதற்குச் சாட்சி. அவர் அதையே தன் அனுபவத்துக்குச் சான்றிதழாகக் காட்டுகிறார்.

இதற்கு மாமாவிடம் ஒரு பதில் தயாராக உண்டு, அது அவ்வளவு மோசமான பதிலும் இல்லை. "ஃபுட் வால்வு போயிருந்தா நான் ஊத்துற தண்ணி எப்படி சார் நிக்கும்?" முழுக்கப் போயிருந்தால் நிற்காதுதான். ஊற்ற ஊற்ற உள்வாங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் லேசாகக் கசியும் வால்வு ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்கும், எட்டு மணி நேரம் தாங்காது. சரி, வால்வு புதுசு, அப்படியும் காற்று வருகிறதென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது சக்‌ஷன் பக்கத்து இணைப்புகளை. இங்கேதான் மாமாவின் கைவண்ணம். தண்ணீர் ஊற்ற அவர் தினமும் திறந்து மூடும் அந்த டீ இணைப்பின் மூடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மரையில் பழைய டெஃப்லான் டேப் பிய்ந்து மீசை மாதிரி தொங்கும், அதன் மேலேயே இன்னொரு சுற்று. டெலிவரி பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே பீய்ச்சிக் காட்டிக்கொடுத்துவிடும். சக்‌ஷன் பக்கத்து ஓட்டை மோட்டார் ஓடும்போது வெளியே ஒரு சொட்டும் விடாது, காற்றை உள்ளே இழுக்கும். அந்த மரையைச் சுற்றிச் சோப்பு நுரையைத் தடவிவிட்டு மோட்டாரைப் போட்டால், நுரை உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும். ஏர் எடுக்கிற கையே ஏர் விடுகிற கையாகவும் இருக்கிறது என்பதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் பல அசோசியேஷன்கள் தவிக்கின்றன.

இதில் காற்றின் தரப்பையும் யாராவது பேசியாக வேண்டும். மோட்டார் தண்ணீரை 'இழுப்பதாக' நாம் சொல்கிறோமே தவிர, அது செய்வதெல்லாம் பைப்புக்குள் அழுத்தத்தைக் குறைப்பதுதான். சம்ப்புத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்றின் எடைதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் (அந்தக் காலத்து இத்தாலிய முழக்கணக்கில்) 18 முழத்துக்கு மேல் தண்ணீர் இழுபடாது என்பதை கலிலியோ 1638இல் எழுதினார். காரணத்தைச் சரியாகச் சொன்னவர் அவருக்குப் பின்வந்த டாரிசெல்லி. கணக்குப்படி காற்றால் தாங்கக்கூடிய உயரம் சுமார் 34 அடி. பைப்பின் உராய்வு, வளைவுகள் எல்லாம் போக, தரைமேல் வைத்த மோட்டாருக்கு நடைமுறையில் 25 அடி கிடைத்தால் பெரிது. பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டமே 24 அடிதான் என்பதை மாங்காட்டுக்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. அந்த ஏரியே வறண்டுபோன 2019 கோடை மாதிரி ஒரு கோடையில், கிணற்று நீர் அந்த 25 அடிக்குக் கீழே போய்விட்டால், எத்தனை மக் ஊற்றினாலும் மோட்டார் பிடிக்காது. அப்போதும் மாமா ஊற்றுவார். நாளெல்லாம் யாரைத் திட்டுகிறாரோ அந்தக் காற்றுதான் இத்தனை காலமும் அவர் வீட்டுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தது.

காசு வாங்காமல் செய்கிறாரே, அவரை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். அகால வேளையில் லாரித் தண்ணீர் வந்தால் எழுந்து போய் ஹோஸைப் பிடிப்பவர் அவர்தான். எந்த கேட் வால்வு எந்தத் தொட்டிக்குப் போகிறது என்ற வரைபடம் பில்டரிடம் இல்லை, அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு மோட்டார் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. ஆனால் இலவசம் என்பது அவர் கைக்கூலிக்கு மட்டும்தான். தண்ணீர் இல்லாமல், "இப்பப் புடிச்சிரும், இப்பப் புடிச்சிரும்" என்று ஓட விட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மெக்கானிக்கல் சீல் காய்ந்து தேய்கிறது. பிறகு அது ஒழுகி, தண்ணீர் பேரிங்குக்குப் போய், ஒரு நாள் காயில் கருகுகிறது. சில நூறு ரூபாய் ஃபுட் வால்வோடு முடிந்திருக்க வேண்டியது சில ஆயிரம் ரூபாய் வைண்டிங்கில் வந்து நிற்கும். அதை மாமா கொடுப்பதில்லை. மெயின்டனன்ஸில் எல்லோர் தலையிலும் பங்கு போட்டு விழும், கணக்குப் புத்தகத்தில் காரணம் 'லோ வோல்டேஜ்' என்று எழுதப்படும். முதலில் அந்த ஃபுட் வால்வை மாற்றித் தொலையுங்கள் என்று கூட்டத்தில் யாராவது வாய்விட்டுக் கேட்டால், மாமா நிஜமாகவே புண்பட்டுப் போவார். "எதுக்கு சார் வெட்டிச் செலவு? அதான் நான் இருக்கேன்ல." நீங்கள் ஊருக்குப் போனால் என்ன செய்வது என்று கேட்டால், முதல் நாளே எல்லோரையும் குடத்தில் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்வார்.