ஏரி வரையப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்படிக் குந்து. வேலைய உட்டுட்டு வாட்டர்கலர்ல ஏரியும் பனைமரமுமா வரையப் போறியாமே? ரொம்ப சந்தோசம். ஆனா கொஞ்சம் வெரசா வரை. சேலையூர், செம்பாக்கம் பக்கமெல்லாம் வண்ணம் காயறதுக்குள்ள எதிர்ல மனைக்கல்லு நட்டுடுவானுங்க.

எனக்கும் அந்தக் கலை புடிக்கும்டா. வெள்ளை வேணும்னா வண்ணம் வாங்க வேணாம், காகிதத்தச் சும்மா உட்டாப் போதும். நம்ம குடும்பத்துக் கஞ்சத்தனத்துக்குன்னே கண்டுபுடிச்சிருக்கான்.

மெட்ராஸ்ல கலைப் பள்ளிக்கூடத்த ஆரம்பிச்சதே ஒரு டாக்டருதான். அலெக்சாண்டர் ஹன்டர்னு ஸ்காட்லாந்துக்காரரு. நாடி புடிக்க வந்த மனுசன் 1850-ல ஓவியப் பள்ளி தொறந்துட்டாரு. எழும்பூர்ப் பக்கம் இருக்கற கவின் கலைக் கல்லூரி அதுதான். உங்கப்பன் உன்ன டாக்டராக்க ஆசப்பட்டானே, அப்படி ஆகியிருந்தாலும் நீ இங்கதான் வந்து நின்னிருப்ப.

அங்க படிச்சவருதான் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூர்ல 1911-ல பொறந்தவரு. சின்ன வயசுலயே தென்னையும் தண்ணியுமா வாட்டர்கலர்ல போட்டுத் தள்ளினாரு. பதினேழு வயசுல மெட்ராஸ் கண்காட்சியில படம். அப்புறம்? தந்தி ஆபீஸ்ல வேல! நல்லாக் கேட்டுக்கோ: தந்தி ஆபீஸ். 1936-லதான் கலைப் பள்ளிக்குள்ள மாணவனா நொழஞ்சாரு. 1957-ல அதே பள்ளிக்கு முதல்வரு.

1954-ல லண்டன், பாரிஸ் எல்லாம் போய்ப் பாத்துட்டு வந்தாரு. நம்ம படம் நம்ம ஊருப் படமா இருக்கணும்னு அரிப்பு புடிச்சுக்கிச்சு. 1963 வாக்குல இயற்கைக் காட்சிய மூட்டை கட்டிட்டு எழுத்து, கணக்குக் குறி, ஜாதகக் கட்டம்னு எறங்கிட்டாரு. நான் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கினு கிட்டப் போய்ப் படிச்சுப் பாத்தேன். நம்ம ஜோசியரு கையெழுத்து மாதிரியே ஒண்ணும் புரியல. படிக்கறதுக்கே இல்லையாம் அது, பாக்கறதுக்காம்!

ஆனா மனுசன் கெட்டிக்காரரு. படம் வித்து எவனும் பொழைக்க முடியாதுன்னு அவருக்குத் தெரியும். பள்ளியில படிச்ச பசங்களச் சேத்துக்கினு பாத்திக் துணி போட வெச்சாரு. துணியில மெழுகு தடவிச் சாயத்துல முக்குற வேல. அது நல்லா வித்துச்சு. அந்தக் காசுல 1966-ல இஞ்சம்பாக்கத்துல மணல்காடா கெடந்த நெலத்த வாங்கி சோழமண்டல் கலைஞர் கிராமம்னு பேரு வெச்சாங்க. துணிக்கு ஒரு பொழுது, ஓவியத்துக்கு ஒரு பொழுது. அவங்கவங்க வூட்ட அவங்கவங்களே கட்டிக்கினாங்க. இப்ப அந்த ஈசிஆர்ல ஒரு கிரவுண்டு வெல கேட்டா எனக்கு மயக்கம் வருது. அவரு போட்டதுலயே எனக்குப் புடிச்ச படம் எது தெரியுமா? அந்த நெலத்துப் பத்திரந்தான்.

அதனால ராஜினாமாக் கடுதாசிய மடிச்சு உள்ள வை. ஞாயித்துக்கிழம மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியா அக்கரை போயி, வடக்கால திரும்பி அந்தக் கிராமத்தப் பாத்துட்டு வா, மியூசியமும் இருக்கு. வரஞ்சே தீருவேன்னா பள்ளிக்கரணை சதுப்பு நெலத்துக்குப் போ. 2022-ல அத ராம்சார்ங்கற ஒலக ஈரநெலப் பட்டியல்ல சேத்துட்டாங்க, கொஞ்ச நாளைக்காவது நிதானமா வரையலாம். பெருங்குடி குப்பமேட்டுக்கு மட்டும் முதுகக் காட்டிக் குந்திக்கோ.