ஜும்ஆவுக்கு வந்த விருந்தாளி

2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. வானத்திலிருந்து ஒரு சாமான் இலங்கைப் பக்கம் விழப்போவதாகச் செய்தி. நேரம் முற்பகல் 11.48. கல்முனையில் அது குளித்து, சாரன் மாற்றி, அத்தர் தடவிப் பள்ளிக்குப் புறப்படுகிற நேரம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அஸருக்குப் பிறகு வரச் சொல்லியிருப்போம்.

பெயர் டபிள்யூ.டி.1190எஃப். அமெரிக்காவின் கட்டலினா வான் தேடல் குழு இட்ட பெயர். அதன் எழுத்துகளை மட்டும் கூட்டி வாசித்து உலகமே சிரித்தது. அர்த்தம் வேண்டுமென்றால் இளசுகளிடம் கேளுங்கள், ஹஸ்ரத்திடம் கேட்டுவிடாதீர்கள்.

தேத்தண்ணிக் கடையில் அது மலையளவு வளர்ந்துவிட்டது. "ஒலுவில் துறைமுகத்துக்குள்ள விழட்டும், மண்ணாவது வெளியே போகும்" என்றார் ஒரு காக்கா.

ஆள் உண்மையில் ஓரிரு மீட்டர்தான். அதுவும் வெயில் பட்டாலே பாதை விலகுகிற நோஞ்சான். அந்த விலகலை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள்: அடர்த்தி தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு. கல்லென்றால் தண்ணீரைவிட இரண்டு மூன்று மடங்கு கனக்க வேண்டும். ஆக, இது வெறுங்கோது. 1998இல் லூனார் பிராஸ்பெக்டர் விண்கலத்தை நிலவுக்குத் தள்ளிவிட்டுக் கழன்ற பகுதியாக இருக்கலாம் என்பது பிந்திய கணிப்பு. ஆளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வீடு திரும்ப 17 வருடம் எடுத்த மச்சான்!

தெற்குக் கரைக்கு அப்பால் சுமார் 100 கிலோமீட்டரில் எரிந்து முடிந்தது. கரையில் நின்று அண்ணாந்தவர்களுக்கு மேகமும் மழையும்தான். பார்த்தவர்கள் அபுதாபியிலிருந்து விமானத்தில் வந்து மேகத்துக்கு மேலே பறந்த விஞ்ஞானிகள். எங்கள் ஊரார் உழைக்க அபுதாபி போவார்கள். அன்று அபுதாபி வேடிக்கை பார்க்க எங்கள் கடலுக்கு வந்து போனது.

நிஜச் சிறுகோளுக்கு இத்தனை ஆரவாரம் கிடையாது. 1807இல் வெஸ்டா என்ற சிறுகோளைப் பிடித்த ஓல்பர்ஸ் ஒரு வைத்தியர். ஜெர்மனியில் தன் வீட்டு மேல்மாடியிலிருந்தே வானம் பார்த்தவர். வெஸ்டா சூரியனுக்கு நேரெதிரே வரும் நாட்களில், மக்ரிபோடு எங்கள் கடலுக்கு மேலே ஏறும். பைனாகுலர் போதும். அது நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களைத் தாளில் புள்ளி வைத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, இடம் மாறி உட்கார்ந்த ஒன்றுதான் ஆள்.

நானும் புள்ளி வைத்தேன். மூன்றாம் நாள் தாளை எடுத்துப் பார்த்த உம்மா கேட்டார்: "இதென்ன மகன், கூரையில ஒழுக்கு விழுற இடமா?"