சாம்பல் ஆய்வாளர்

ஞாயிறு காலை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சிற்றூரில் மற்றவர்கள் தேவாலயத்தில் மண்டியிட்டிருக்கும் நேரம் இவரும் மண்டியிட்டிருப்பார். எதிரே இருப்பது பெல்லட் கணப்பு.

2008 கோடையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 140 டாலரைத் தாண்டியது. எண்ணெய் எரித்தே குளிரைத் தள்ளிய அந்த மாநிலத்தில் பலரும் பெல்லட் பக்கம் ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர். மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் பருமனுள்ள சின்னக் குச்சிகள்தாம் பெல்லட். 40 பவுண்டு மூட்டையாக வரும்; ஐம்பது மூட்டை ஓர் அமெரிக்க டன். “எல்லாம் தானாக நடக்கும், சுவிட்சைப் போட்டால் போதும்” என்று மனைவியிடம் சொல்லித்தான் வாங்கினார்.

சொன்னதில் பொய்யில்லை. குச்சியைத் திருகு தள்ளும், மின்கம்பி பற்றவைக்கும், விசிறி காற்றூதும். சாம்பல் மட்டும் தானாக வெளியே நடந்து போகாது.

அங்கேதான் இவருக்குப் பிழைப்பு கிடைத்தது. கணப்பை அணைத்து, ஆறவைத்து, எரிகிண்ணத்தைச் சுரண்டுவார். பெல்லட்டில் கலந்த மண்ணும் மரப்பட்டையும் உருகிக் கட்டிதட்டினால் காற்றுத் துளைகள் அடைபடும். தீ சோம்பலாகச் சிவந்து, கண்ணாடியில் கரி படியும். அப்படியொரு கட்டி அகப்பட்டால் வைரம் பார்க்கும் சேட்டைப் போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூட்டை எந்த ஆலையிலிருந்து வந்தது என்று தீர்ப்புச் சொல்வார். கதவிடுக்கில் ஒரு டாலர் நோட்டை வைத்து மூடி இழுப்பார். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவை இறுக்கும் விளிம்புக் கயிறு தேய்ந்துவிட்டது என்று பொருள். எண்ணெயில் மிச்சம்பிடித்த பணம் இதற்காவது உதவுகிறதே என்பார் மனைவி.

உயர்தரப் பெல்லட்டில் சாம்பல் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. டன்னுக்கு ஒன்பது கிலோ. அதைச் சரிபார்க்க இவர் எடுத்துப்போன சமையலறைத் தராசு திரும்பி வரவில்லை. கங்கு நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் என்பதால் சாம்பலுக்கு மூடிபோட்ட இரும்பு வாளி. சாதாரண வேக்குவம் கிளீனரில் உறிஞ்சினால் நுண்சாம்பல் வடிகட்டியைக் கடந்து சோபாவில் உட்காரும். வந்த விருந்தாளிகளுக்குக் காப்பிக்கு முன்பே இந்த விவரம் கிடைத்துவிடும்.

பனி விட்டதும் ஆண்டுப் பெருவிழா. இலை ஊதும் எந்திரத்தின் உறிஞ்சும் முனையை வெளிப்புகைக்குழாயில் பொருத்தி முடுக்குவார். பக்கத்து வீட்டுக் கறுப்புக் கார் சாம்பல் நிறமாகும்.

பனிப்புயலில் மின்சாரம் போனால் மட்டும் ஆள் அடங்கிப்போவார். விசிறி நின்றால் கணப்பும் நின்றுவிடும். விறகடுப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், பாவம், கார் விஷயத்தை மறந்து கூப்பிடுவார். மைனஸ் இருபது டிகிரியில் நடுங்கியபடி போய் உட்கார்ந்து, கை சூடேறியதும் அடுப்பைக் குனிந்து பார்த்து, கோட்டுப் பையிலிருந்து சுரண்டியை எடுத்துக் கேட்பார்:

“இதை எப்போ அணைப்பீங்க?”