ஆயிரம் வாட் மாப்ளே

வாங்க மாப்ளே, வாங்க! தெருமுனையிலயே வண்டி வர்றது தெரிஞ்சுபோச்சு. பாட்டுச் சத்தத்துல இல்ல, கதவு நடுங்குற சத்தத்துல. உங்க அத்தைதான் அண்டாவ உருட்டிவிட்டுட்டாளோன்னு எந்திரிச்சே போயிட்டேன்.

அடேங்கப்பா, கார் செட்டு வந்த அட்டைப் பெட்டியவும் பத்திரமா பின்கண்ணாடிகிட்ட வச்சிருக்க. மேல 1000 வாட்னு அச்சடிச்சிருக்கான்! நாப்பது வருஷம் மைக் செட் போட்டவன்டா உன் மாமன். மாரியம்மன் திருவிழாவுக்கு ஆறு குழாயக் கட்டி, பக்கத்து ஊர்க்காரன் சண்டைக்கு வர்ற அளவுக்கு அலறவிட்டதே 250 வாட்டுலதான். நீ இந்த டப்பா காருக்குள்ள நாலு திருவிழா நடத்துறியாக்கும்.

எங்க, அந்த செட்ட வெளிய இழு. முதுகுல சிவப்பா ஒண்ணு சொருகியிருக்கா? அதான் பியூஸ். எத்தன ஆம்பியர்? 10. பெட்டியில எழுதுறவன் என்னவும் எழுதுவான். பியூஸ்ல புளுகுனா வண்டி பத்திக்கும்ல? இன்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட். பத்தால பெருக்கு. 144 வாட். உள்ள போறதே அம்புட்டுதான். அதுலயும் பாதிக்குக் கிட்ட சூடாப் போயிரும். மிச்சத்த நாலு ஸ்பீக்கருக்கும் பங்கு வச்சா ஆளுக்கு இருபது தேறுனா பெருசு. மீதிய அச்சடிச்சவன்கிட்டதான் கேக்கணும்.

பெரிய கம்பெனி பேரு மாமாங்குற. பேரு எப்படி வருதுன்னு கேளு. பெர்லின்ல 1923-ல ஐடியல்னு ஒரு கம்பெனி. காதுல மாட்டுற ஹெட்போன் செஞ்சான். ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பார்த்து, தேறுனதுக்கு மட்டும் நீலப் பொட்டு ஒட்டுனான். சனம் கம்பெனி பேரயா கேட்டுச்சு? ‘அந்த நீலப் பொட்டக் குடு’ன்னுதான் கேட்டுச்சு. கடைசியில கம்பெனிக்கே அதான் பேரு: ப்ளாபுங்க்ட். 1932-ல ஐரோப்பாவுக்கு முதல் கார் ரேடியோவும் அவன் போட்டதுதான். அப்புறம் பாஷ் கம்பெனிகிட்டப் போயி, அவன் கையில இருந்து 2009-ல கைமாறி, வாங்குன இடத்துல திவாலாச்சு. இப்ப அந்தப் பேர வாடகைக்கு எடுத்து டிவி வரைக்கும் விக்கிறாக. நல்லாவும் இருக்கலாம், நான் வேணாங்கல. ஆனா அன்னைக்கு ஒவ்வொண்ணா சோதிச்சானே, அந்த ஆளு வாடகைக்கு வருவானா?

நேர்மாறா, வாட்டக் கொறச்சு எழுதுனவனும் உண்டு. அமெரிக்காவுல ராக்ஃபோர்டு ஃபாஸ்கேட்காரன் பஞ்ச் 45-னு ஒரு ஆம்ப்ளிஃபையர் விட்டான். பேருக்குத்தான் 45. வேலைக்கு அதுக்கும் மேல. கார் ஆடியோ போட்டிக்குப் போறவன் வாட் கம்மியான பிரிவுல இத நிறுத்தி அடிச்சுட்டுப் போவான். ஒல்லிப்பயன்னு பந்தியில இடம் குடுத்தா சோத்துச் சட்டியக் காலி பண்ணுவானே, அவன மாதிரி.

இந்த ஒயர் செம்புன்னு சொல்லித்தான் குடுத்தானா? கத்தியால ஒரு சுரண்டு சுரண்டுறேன், பாரு. உள்ள வெள்ளையா பல்ல இளிக்குது. அலுமினியம்டா. செம்பு மேல்பூச்சு.

சரி, மூஞ்சியத் தொங்கப் போடாத. ஸ்பீக்கர மாத்தவேணாம். கதவுக்குள்ள நடுக்கத்த அடக்குற டாம்பிங் ஷீட் ஒட்டச் சொல்லு, ஒயர மாத்து. அடுத்த தடவ வாட்டுக்குப் பக்கத்துல ஆர்எம்எஸ்னு போட்டிருக்கான்னு பாரு, அதான் தொடர்ந்து குடுக்குற நெசமான வாட். கடைக்காரன் போடுற பாட்டுக்குத் தலையாட்டாத, உனக்கு மனப்பாடமான பாட்ட பென்டிரைவ்ல கொண்டுபோ.

அந்தப் பெட்டிய மட்டும் இங்க வச்சுட்டுப் போ. அட்டை நல்ல கெட்டியா இருக்கு. உங்க அத்தை கருங்கோழிய அடைவைக்க இடம் தேடிக்கிட்டிருக்கா. பன்னெண்டு முட்டை தாராளமாப் பிடிக்கும்.