பன்றி எலும்புக்கு ஒரு முத்தம், ஒரு காசு

கண்ணாடிக் குடுவை நிறையப் பன்றி எலும்பு. ஒரு தலையணை உறை, மாதாவின் முக்காடாம். ஒரு கந்தல், பேதுருவின் படகில் கட்டிய பாயாம். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' நூலில் வரும் பாவமன்னிப்பு வியாபாரியின் சரக்கு இப்படிப்பட்டதுதான். வருமானம் ஆண்டுக்கு 100 மார்க். ஊர்ப் பங்குச்சாமி இரண்டு மாதத்தில் பார்க்காத காசை இவர் ஒரே நாளில் பார்த்துவிடுவார்.

தொழில் நுணுக்கத்தையும் அவரே சொல்கிறார். வெளியே சொல்லக் கூசும் பாவம் செய்தவர்களும், கணவனை ஏமாற்றிய மனைவிகளும் காணிக்கை போட முன்னால் வரவேண்டாம், அவர்களுக்கு அருள் கிட்டாது என்று கோயிலில் அறிவிப்பார். அப்புறம் எந்தப் பெண்ணால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க முடியும்? பிரசங்கத்துக்குப் பொருள் எப்போதும் ஒன்றே: பேராசை பொல்லாதது. பிள்ளைகள் பட்டினியால் செத்தாலும் சரி, ஊரிலேயே ஏழையான விதவையிடமிருந்தும் காசும் கோதுமையும் பாலாடைக்கட்டியும் வாங்காமல் விடமாட்டேன் என்று, கேன்டர்பரிக்குக் கூட வரும் யாத்ரீகர்களிடம் கூசாமல் சொல்கிறார்.

இவரையாவது அயோக்கியர் என்று திட்டிவிட்டுப் போகலாம். அதே நூலில் ஜான் என்றொரு பிச்சைத் துறவி வருகிறார். அவரை நினைத்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. காணிக்கை தந்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லிப் பலகையில் பெயரெழுதச் செய்வார்; வாசலைத் தாண்டியதும் சுரண்டிவிடுவார். நோயாளி தாமஸின் வீட்டில் பூனையை விரட்டிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறார். சாப்பிட என்ன வேண்டும்? அதிகம் வேண்டாமாம். சேவலின் ஈரல், மெத்தென்ற ரொட்டி, பிறகு சுட்ட பன்றித்தலை. ஆனால் தன் பொருட்டு எந்த உயிரும் சாகக் கூடாதாம்! என்ன ஜீவகாருண்யம்!

இரண்டு வாரத்துக்குள்தான் என் பிள்ளை செத்தது என்கிறாள் வீட்டுக்காரி. அதுவரை அதைப் பற்றி வாயே திறக்காதவர், அது மோட்சம் போனதைத் தரிசனத்தில் கண்டேன், மடமே கண்ணீர் விட்டுத் துதி பாடியது என்று உடனே அளக்கிறார். அடுத்த பேச்சு, விரதமிருக்கும் எங்கள் ஜெபத்துக்கே பலன் அதிகம் என்பது. அதற்கடுத்தது, மற்ற மடங்களுக்கும் காசைப் பங்குபோட்டுக் கொடுத்ததால்தான் தாமஸுக்கு நோய் தீரவில்லை என்பது. பெற்றவளின் துக்கம் இவருக்கு வசூலுக்கு ஒரு சாக்கு.

இத்தகையவர்களிடம் இத்தாலியக் கவிஞர் தாந்தே இரக்கம் பார்க்கவில்லை. 'தெய்வீக நகைச்சுவை' காவியத்தில், திருச்சபைப் பதவியை விற்ற போப்பாண்டவரையே நரகக் குழியில் தலைகீழாக நட்டு, உள்ளங்காலில் தீ வைத்தார். 1300இல் நடப்பதாகச் சொல்லும் அக்காவியத்தில், அன்று உயிரோடிருந்த போப் எட்டாம் போனிஃபஸுக்கும் இடம் ஒதுக்கியாயிற்று.

சாசரின் வியாபாரிக்கு அந்தத் தண்டனைகூட இல்லை. தன் பித்தலாட்டத்தையெல்லாம் சொல்லி முடித்தபின், அதே யாத்ரீகர்களிடமே எலும்பை முத்தமிட்டுக் காசு போடச் சொல்கிறார். யாத்திரையில் கூட வரும் விடுதிக்காரர் கெட்ட வார்த்தையில் வைகிறார். யாத்ரீகர்களில் ஒருவரான வீரப்பிரபு குறுக்கிட்டு இருவரையும் முத்தமிட்டுச் சமாதானமாகச் செய்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், பயணம் தொடர்கிறது. விதவையின் காசைத் திருப்பிக் கொடு என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.